காஞ்சிருச்சுங்களா மாமா?

எழுதுகிற அளவுக்கு நான் பெரிய ஆள் இல்லை. படிப்பு பத்தாம் வகுப்போடு சரி. நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவன், முகம் தெரியாத இத்தனை பேர் முன்னால் கதை சொல்ல வந்திருக்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள். நான் எழுதாவிட்டால் என் தங்கை வீட்டார் இதை அவர்கள் இஷ்டத்துக்குச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். போன தடவை கேட்டபோது, நான் ஒரு பசுமாட்டுக்கும் பெயின்ட் அடித்ததாகச் சேர்த்திருந்தார்கள். மாடெல்லாம் இல்லை. (ஒரு கன்றுக்குட்டி. அதுவும் காது மட்டும்.)

தொண்ணூறுகளின் கடைசியில் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மெஸ்ஸில் எனக்குச் சரக்கறை வேலை. அரிசி, பருப்பு, ஊறுகாய் எல்லாம் என் பொறுப்பு. அவை பேசாது என்பதால் அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. தங்கை செல்வியை ஆயக்குடியில் கொய்யாத்தோப்புக்காரர் வீட்டில் கட்டிக் கொடுத்திருந்தோம். அப்பா அம்மா போன பிறகு, பிறந்த வீடு என்று அவளுக்கு இருந்தது நான் ஒருவன்தான். அப்படிப்பட்ட நான், அவள் வளைகாப்புக்குக் கொண்டுபோன தட்டை வாசலிலேயே ஒரு பெண்மணி கையில் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஊர் திரும்பியவன். (அந்தப் பெண்மணி பக்கத்து வீட்டுக்காரர் என்று பிறகுதான் தெரிந்தது.)

அவளுக்குப் பையன் பிறந்து காதுகுத்து வைத்தார்கள். பழனியில் மொட்டை, ஆயக்குடி வீட்டில் காதுகுத்து. தாய்மாமன் மடியில்தான் குழந்தையை உட்கார வைப்பார்கள். மடியைக் கழற்றி வாசலில் கொடுத்துவிட்டு ஓடிவர முடியாது. செல்வி போன் செய்தாள்.

“அண்ணே, பெருசா எதுவும் வேணாம். ஆனா பேர் சொல்ற மாதிரி ஒண்ணு கொண்டா. ‘இந்தத் தடவையாச்சும் உங்கண்ணன் வாசப்படி தாண்டுவாரா’ன்னு எங்க அத்தை நேத்தும் கேட்டாங்க. எனக்குத் தலையே நிமிர மாட்டேங்குது.”

அந்தக் கடைசி வார்த்தை இரண்டு நாள் என்னைத் தூங்கவிடவில்லை.

மூன்றாம் நாள், மெஸ்ஸில் யாரோ விட்டுப்போன வாரப் பத்திரிகையில் ஒரு பக்கம் கண்ணில் பட்டது. காலிக் கண்ணாடிப் பாட்டிலுக்கு வண்ணம் அடித்து, உள்ளே இனிப்பு நிரப்பிப் பரிசாகக் கொடுக்கலாம். கையால் செய்த பரிசை யாரும் மறக்க மாட்டார்கள் என்று போட்டிருந்தது. (மறக்கவில்லை. அதில் பொய்யே இல்லை.) சரக்கறையில் ஊறுகாய் பாட்டில்கள் காலியாகச் சும்மாக் கிடந்தன. இருபத்தொன்றை எடுத்துக்கொண்டேன். முதலாளியிடம் கேட்டிருக்கலாம். கேட்பதற்குக் கூச்சம்.

என் கூட்டாளி ஜமால், பழனி ரோட்டில் லாரிகளுக்குப் பெயின்ட் அடிக்கும் பட்டறை வைத்திருந்தான். சனிக்கிழமை மத்தியானம் பாட்டில்களோடு போனேன். ஒரு லாரிக்கு அடித்துக்கொண்டிருந்தவன், முகத்தில் கட்டியிருந்த துணியை எடுக்காமலே, செய்ய வேண்டியதைக் கத்திச் சொன்னான். பக்கத்தில் கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது. என் காதில் விழுந்தது இவ்வளவுதான்: “மாப்ள, முதல்ல எண்ணெய்... நல்லா தொடைக்கணும்.”

நடுவில் என்ன சொன்னான் என்று இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். அதற்கும் கூச்சம். எண்ணெய் போட்டு நன்றாகத் துடைக்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டேன். நியாயமாகத்தான் பட்டது. ஆயுத பூஜைக்கு டயரைக்கூட எண்ணெய் போட்டுத் துடைத்தால்தானே பளபளக்கிறது? தேங்காய் எண்ணெய் வாங்கி வந்து, குழந்தைக்குத் தேய்ப்பதுபோல் இருபத்தோரு பாட்டிலுக்கும் தேய்த்தேன்.

பிறகு ஜமால் ஸ்பிரே துப்பாக்கியை என் கையில் கொடுத்தான். அதைப்பற்றி எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. விசையை அழுத்தினேன். உஸ்ஸென்று ஒரு பொன்புகை கிளம்பியது. காற்றில் அரைநொடி நின்றது. வெயில் அதற்குள் புகுந்து வெளியே வந்தது. புகை விலகியபோது, காலையில் எலுமிச்சை ஊறுகாய் நாற்றம் அடித்த பாட்டில் கோயில் கலசம்போல் நின்றுகொண்டிருந்தது. என் கையால் இப்படி ஒன்று நடக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. ஒவ்வொரு பாட்டிலுக்கும் அதே அதிசயம் திரும்ப நடந்தது. கடைசிப் பாட்டில் முடிந்ததும் இன்னும் அடிக்க ஏதாவது இருக்கிறதா என்று சுற்றிப் பார்த்தேன். ஜமால் துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டான்.

என் கைரேகை பட்டு அழகு கெட்டுவிடக் கூடாது என்று ஒன்றையும் நான் தொடவில்லை. பாட்டில்களைப் பலகையில் நின்ற நிலையிலேயே விட்டு, கற்கண்டு, முந்திரி, பேரீச்சம்பழம் என்று நிரப்பினேன். மறுநாள் விடிந்ததும் பலகையோடு தூக்கி வேனில் வைத்தோம். ஒன்றை மட்டும் விரல்நுனியால் லேசாகத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்ததுபோல்தான் இருந்தது. காய்ச்சிய பாலில் ஆடை கட்டுவதுபோல் மேலே மட்டும் காய்ந்து, உள்ளே பெயின்டும் எண்ணெயும் கொழகொழவென்று இருந்தது எனக்கு எப்படித் தெரியும்?

ஆயக்குடியில் தெருமுனையிலிருந்து மேளத்தோடு சீர் கிளம்பியது. வரவேற்பில் எல்லோருக்கும் சந்தனம் கொடுத்தார்கள். தட்டில் வைத்தால் பாட்டில்கள் சாய்ந்தன. அதனால் எங்களை அழைக்க வந்த பெண்கள் ஆளுக்கு ஒன்றாகக் கையிலேயே பிடித்துக்கொண்டார்கள். முன்னால் நான் ஒன்றை ஏந்தி நடந்தேன். இருபுறமும் கொய்யாமரம். இலைகளுக்கு நடுவே விழுந்த வெயிலில் இருபத்தோரு பாட்டிலும் ஜொலித்தன. திண்ணமாகச் சொல்கிறேன், அப்படி ஒரு ஊர்வலத்தை நான் இன்றுவரை பார்த்ததில்லை. செல்வியின் மாமியார் ஒரு பாட்டிலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கன்னத்தில் கை வைத்து அசந்து நின்றார். செல்வியின் தலை நிமிர்ந்திருந்தது. நான் வாசப்படியைத் தாண்டினேன்.

கை மஞ்சளாக இருந்ததை நான் கவனிக்காமல் இல்லை. சந்தனம் என்று நினைத்தேன். எல்லோரும் அப்படியே நினைத்திருக்கிறார்கள். நினைத்துக்கொண்டே வியர்வையைத் துடைத்தார்கள், முந்தானையைச் சரிசெய்தார்கள், பிள்ளைகளின் கன்னத்தைக் கிள்ளினார்கள், கட்டிப்பிடித்து நலம் விசாரித்தார்கள். குழந்தையை என் மடியில் வைத்தார்கள். சந்தனம் பூசிய புது மொட்டை. அழுதான். நான் தலையைத் தடவிக் கொடுத்தேன். வந்தவர்கள் எல்லோரும் தடவிக் கொடுத்தார்கள்.

காது குத்த வந்த ஆசாரி ஊசியோடு குனிந்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

“ஏனுங்க மாமனுங்களே, காதுக்குத்தான தங்கம் போடச் சொன்னீங்க? தலைக்கு நீங்களே போட்டுட்டீங்களாட்ட இருக்குது.”

குனிந்து பார்த்தேன். மருமகனின் மொட்டைத்தலை முழுக்கத் தங்கம். என் வேட்டி தங்கம். நிமிர்ந்தால் பந்தல் முழுக்கத் தங்கம். யார் யாரைத் தொட்டார்கள் என்று எழுதி வைத்ததுபோல் இருந்தது. மச்சானின் வெள்ளைச் சட்டை முதுகில் ஐந்து விரல். மேளக்காரர் மூக்கு. தொழுவத்தில் கன்றுக்குட்டியின் ஒரு காது. மேளம் நின்றுவிட்டது. செல்வியின் முகம் வெளுத்திருந்தது. நடுவில் மாமியார், கன்னத்தில் பதிந்த தங்கக் கையோடு, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பயத்தில் எனக்கு அவர் கோயில் சிலைபோலவே தெரிந்தார்.

அவர் கன்னத்தைத் தொட்டு, விரலைப் பார்த்தார்.

“எங்க ஊட்டுக்கு எத்தனையோ சீர் வந்திருக்குதுங்க தம்பி. வந்தவங்களுக்கெல்லாம் பங்கு வெச்ச சீர இப்பத்தானுங்க பாக்கறேன்.”

முதலில் சிரித்தது செல்வி. அந்த வீட்டில் அவள் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பிறகு மாமியார். பிறகு பந்தலே சிரித்தது. மேளக்காரரும் சிரித்துவிட்டு மறுபடி அடிக்கத் தொடங்கினார். குழந்தையின் தலையில் தங்கம் நிற்கவில்லை. தண்ணீர் ஊற்றியதும் சந்தனத்தோடு சேர்ந்து கழன்று வந்துவிட்டது. விஷயத்தைக் கேட்ட ஜமால், “எண்ணெய்ப் பிசுக்கு போகத் தொடைக்கணும்னுதானே மாப்ள சொன்னேன்” என்று தலையில் அடித்துக்கொண்டான்.

அதிலிருந்து ஆயக்குடியில் என் கையிலிருந்து யாரும் எதையும் நேராக வாங்குவதில்லை. முதலில் ஒரு விரலால் தொட்டு, “காஞ்சிருச்சுங்களா மாமா?” என்பார்கள். பூப்பொட்டலமானாலும் சரி, வாழைத்தாரானாலும் சரி. என் கல்யாணத்தில் நான் தாலியைக் கையில் எடுத்தபோது செல்வியின் மாமியார்தான் முதல் வரிசையிலிருந்து கேட்டார். அன்று மடியில் அழுத மருமகன் இப்போது எனக்கு மேல் வளர்ந்துவிட்டான். அவன் சம்பாதித்து எனக்கு வாங்கிக் கொடுத்த முதல் சட்டையை நானே தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினேன்.

காதுகுத்துக்கு மறுநாள் திங்கட்கிழமை. மெஸ்ஸுக்கு டின்னில் ஊறுகாய் வந்தது. பாட்டிலில் மாற்றி வைக்கச் சொன்னார் முதலாளி. பாட்டில் இல்லை என்றேன். எங்கே போயின என்று சொல்ல, அதற்கும் கூச்சம்.