மூன்று மண்வெட்டிகளும் முப்பது கோல் வாய்க்காலும்

வைகாசிக் கடைசியில் ஊருக்கே கேட்கும்படி நான் ஒரு சபதம் செய்தேன்.

"அரைப்படி என்ன, அரைப்பிடி நெல்கூடக் கூலியில ஏத்த மாட்டான் இந்த வைத்தியலிங்கம்!"

ஊருக்குக் கேட்டதோ என்னவோ, அடுக்களையில் இருந்த மங்களத்துக்குக் கேட்டுவிட்டது.

"சரிங்க. கை அலம்பிட்டு வாங்க, சோறு ஆறுது" என்றாள்.

என் சபதங்களுக்கு என் வீட்டில் இருக்கும் மரியாதை இவ்வளவுதான்.

கூலிச் சட்டம், குத்தகைச் சட்டம், உச்சவரம்புச் சட்டம் என்று கோட்டையிலிருந்து ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்த காலம் அது. உச்சவரம்புச் சட்டம் வந்தபோது என் நிலத்தைப் பிடுங்கிவிடப் போகிறார்கள் என்று மூன்று நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கணக்குப்பிள்ளையிடம் ஓடினேன். "உன் ஆறு மாவுக்கு எவன்யா உச்சவரம்பு போடுவான்? இன்னும் நாப்பது மா வாங்கிட்டு வா, அப்புறம் பயப்படு" என்று அனுப்பிவிட்டார். ஆறு மா என்றால் இரண்டு ஏக்கர். ஆனாலும் மிராசு மிராசுதான்.

அந்த வருஷம் விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் நாள் கூலியோடு அரைப்படி நெல் கூட்டிக் கேட்டார்கள். ஊரில் மற்றவர்கள் இரண்டு நாள் முணுமுணுத்துவிட்டு ஒப்புக்கொண்டார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. அதனால் ஊரில் எல்லார் வயலுக்கும் ஆள் போனது, என் வயலைத் தவிர.

"மேட்டூர் தொறந்தாச்சுன்னு ரேடியோவுல சொல்லிட்டான்" என்றாள் மங்களம், குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டே. "எட்டு நாள்ல தண்ணி இங்க வந்துடும். நம்ம பங்கு வாய்க்கால் தூந்து கெடக்கு. கேணித் தண்ணியில விட்ட நாத்துக்கு இன்னையோட இருபது நாள். இன்னும் பத்து நாள்ல நடலைன்னா முத்திப்போயி மாட்டுக்குத்தான் அறுத்துப் போடணும்."

"தெரியும்."

"தெரிஞ்சு என்ன பண்ணப் போறீங்க?"

"யோசிச்சுக்கிட்டு இருக்கேன்."

"நீங்க யோசிச்சா வாய்க்கால் மண்ணு எழுந்திரிச்சு நடந்து போயிடுமா?"

எங்கள் ஊர் வழக்கம் இது: ஆற்றுத் தண்ணீர் வருமுன் சின்ன வாய்க்காலில் அவரவர் பங்கை அவரவரே வெட்டிவிட வேண்டும். எது யார் பங்கு என்று கரையில் முளைக்குச்சி அடித்திருக்கும். என் பங்கு கடைசி முப்பது கோல். ஒரு கோல் பன்னிரண்டு அடி. அதற்குப் பிறகு என் வயல்தான். ஆகவே நான் வெட்டாமல் விட்டால் வேறு யாருக்கும் நஷ்டமில்லை. ஒருவனும் வந்து என்னைக் கெஞ்சப் போவதுமில்லை. இந்த ஒரு காரணத்தாலேயே என் சபதத்தில் பாதி ருசி போய்விட்டது.

ஆனால் மூளை என்று ஒன்று இருக்கிறதே. நல்ல கருவி இருந்தால் ஒரே ஆள் நாலு ஆள் வேலை பார்ப்பான். வெளியூரிலிருந்து ஓர் ஆளைப் பிடித்து வருவேன். ஊரிலேயே சிறந்த மண்வெட்டியை அவன் கையில் கொடுப்பேன். சங்கம் மூக்கில் விரல் வைக்கும்.

வலங்கைமானில் ஜெகபர் அலியின் இரும்புக் கடைக்குப் போனேன். மூன்று கம்பெனி மண்வெட்டி வைத்திருந்தார். காண்டாமிருகம் மார்க், நண்டு மார்க், மணிக்கூண்டு மார்க். காண்டாமிருகம் விலை அதிகம், கேரண்டி ஒரு வருஷம். உடைந்தால் கல்கத்தாவுக்குப் பார்சல் கட்டி அனுப்ப வேண்டும். போய் வர மூன்று மாதம். நண்டு நடுவிலை, கேரண்டி ஆறு மாதம். கும்பகோணம் ஏஜெண்டே மாற்றிக் கொடுப்பார். செவ்வாய்க்கிழமை மட்டும் கடை திறப்பார். மணிக்கூண்டு விலை குறைவு. அதற்குக் கேரண்டி அட்டையே கிடையாது. "உடைஞ்சா எங்கிட்ட வாங்க, பாத்துக்கலாம்" என்று ஜெகபர் அலி சொன்னார், அவ்வளவுதான்.

மூன்றையும் தட்டிப் பார்த்தேன். முகர்ந்து பார்த்தேன். வெயிலில் காட்டிப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து யோசித்தேன். மத்தியானம் மறுபடி போனேன். மறுநாள் காலையிலும் போனேன்.

"அண்ணே" என்றார் ஜெகபர் அலி, "நீங்க மண்வெட்டி வாங்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா?"

"தரம், விலை, சர்வீஸ். மூணும் பாக்கணும்ல பாய்?"

"மூணையும் தூக்கிக்கிட்டுப் போங்கண்ணே. ஒரு வாரம் வச்சுப் பாருங்க. பிடிச்சதுக்குக் காசு குடுங்க, மத்ததைக் கழுவித் திருப்பிக் குடுங்க. என் கடைவாசல் தேயுது."

மூன்று மண்வெட்டிகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தேன். மங்களம் வாசலில் நின்று பார்த்தாள். சிரிக்கவில்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

"எப்படிங்க தரம் பாப்பீங்க?"

"கொல்லையில நாலு வெட்டு வெட்டிப் பாத்தாத் தெரிஞ்சுட்டுப் போவுது."

"கொல்லை மண்ணு பொலபொலன்னு கெடக்கு. அதுல சோத்துக் கரண்டிகூட நல்லாத்தான் வெட்டும். இறுகின மண்ணுல்ல வேணும்?"

நியாயமான பேச்சு.

"இறுகின மண்ணுக்கு எங்க போறது?"

அவள் ரொம்ப நேரம் யோசிப்பதுபோல் நின்றாள். "நம்ம வாய்க்கால் ஒண்ணு சும்மாதானே கெடக்கு" என்றாள்.

மறுநாள் காலை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாய்க்காலில் இறங்கினேன், காண்டாமிருகத்தோடு. மங்களம் கரையில் குழந்தையோடு உட்கார்ந்தாள். மடியில் பழைய பள்ளிக்கூட நோட்டு, காதில் பென்சில்.

"ஒரு கோல் வெட்டிப் பாத்தாப் போதும்ல?" என்றேன்.

"ஒரு கோல்ல என்னங்க தெரியும்? கல்யாணமான மறுநாளே மாப்பிள்ளை எப்படின்னு சொல்லிட முடியுமா? அஞ்சு கோல் வெட்டுங்க."

ஐந்து கோல் வெட்டினேன். சாயங்காலம் என் கை என்னுடையதாக இல்லை. மறுநாள் நண்டு, ஐந்து கோல். அதற்கு மறுநாள் மணிக்கூண்டு, ஐந்து கோல். வழியில் போனவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பக்கத்து வயல்காரர் துரைராசு வாயில் போட்ட வெற்றிலையை மெல்ல மறந்துவிட்டார்.

"என்ன வைத்தியலிங்கம், நீயே இறங்கி வேலை பாக்குற?"

"வேலையா? யார் வேலை பாத்தா? தரம் பாக்குறேன்."

"நல்லாப் பாரு, நல்லாப் பாரு" என்று சொல்லிவிட்டு, இதைப் பார்க்காதவர்களுக்குச் சொல்ல அவசரமாகப் போனார்.

நாலாம் நாள் எழுந்திருக்க முடியவில்லை. "மணிக்கூண்டுதான் மோசம். அதைத் தள்ளிடலாம். அதுல வெட்டறப்பத்தான் கை விட்டுப் போச்சு" என்றேன்.

மங்களம் நோட்டைப் புரட்டினாள். "அது நியாயமில்லீங்க. காண்டாமிருகத்தைப் புதுக் கையால வெட்டுனீங்க. மணிக்கூண்டை ரெண்டு நாள் வெட்டி ஓஞ்ச கையால வெட்டுனீங்க. பாவம், அது என்ன பண்ணும்? இன்னைக்கு மணிக்கூண்டுலேருந்து ஆரம்பிங்க."

"மறுபடியுமா?"

"நானா மூணு கம்பெனி எடுத்துக்கிட்டு வந்தேன்? ஒண்ணு வாங்கியிருந்தா ஒரே நாள்ல முடிஞ்சிருக்கும்."

நான் மணிக்கூண்டை எடுத்தேன். அன்று ஐந்து கோல், மறுநாள் காண்டாமிருகத்தில் ஐந்து கோல். ஒருவழியாக அவள் நோட்டை மூடினாள். தரத்தில் மூன்றும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று முடிவு சொன்னாள். ஐந்து நாள் முதுகு ஒடிய வெட்டியதற்குக் கிடைத்த ஞானம் இது.

"விலை தெரிஞ்சதுதான்" என்றாள். "இனி சர்வீஸ் ஒண்ணுதான் பாக்கி."

"சர்வீஸை எப்படிடி பாக்குறது? உடைஞ்சாத்தானே சர்வீஸ்?"

"அதைத்தான் நானும் சொல்றேன். உடைங்க."

"புது மண்வெட்டியை உடைக்கவா?"

"வேணும்னு உடைக்க வேண்டாம். வேலை செய்யிறப்ப அதுவா உடையணும். அப்பத்தான் கேரண்டிக்கு ஒத்துப்பாங்க. நாளைக்குச் செவ்வாய்க்கிழமை. கும்பகோணத்துல நண்டு ஏஜெண்டு கடை தொறந்திருக்கும். அந்தக் காட்டாமணக்கு வேர்ல போட்டுப் பாருங்க."

மீதியிருந்த ஐந்து கோல் முழுவதும் காட்டாமணக்கு. யானைத் துதிக்கை பருமனுக்கு வேர். மூன்று வருஷமாக மேல்மண்ணை மட்டும் அள்ளிவிட்டு, வேரில் யாரும் கை வைக்காத இடம். விடிந்ததும் நண்டை ஓங்கி இறக்கினேன். உடையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இறக்கினேன். வேர்தான் அறுந்தது. கம்பெனிக்காரன் தாத்தாவரை பெயர் சொல்லித் திட்டிக்கொண்டே வெட்டினேன். அந்தப் பாழாய்ப் போன நண்டு உடைவேனா என்றது. ஒரு நல்ல மண்வெட்டிமேல் அவ்வளவு கோபம் கொண்ட மனிதன் இந்தத் தாலுக்காவிலேயே நான் ஒருவன்தான்.

மூன்று கோல் முடிந்தபோது 'படார்' என்று ஒரு சத்தம். சந்தோஷத்தில் குதித்தேன். காம்பு உடைந்திருந்தது. சேற்றுக் காலோடு பஸ் ஏறிக் கும்பகோணம் போனேன்.

ஏஜெண்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "தகட்டுக்குத்தான் கேரண்டி. காம்புக்குக் கிடையாது" என்றார்.

"காம்பு இல்லாம தகட்டை வச்சுக்கிட்டு நான் என்ன தோசையா சுடறது?"

"தகடு நல்லாயிருக்குல்ல? அதான் எங்க கேரண்டி."

அவரே ஒரு காம்பு போட்டுக் கொடுத்து அதற்குத் தனியாகக் காசும் வாங்கிக்கொண்டார். வெயில் சாயும்போது திரும்பி வந்தேன். கரையில் மங்களம் சொம்புத் தண்ணீரோடு நின்றாள். பக்கத்தில் புல்லுக்கட்டை இறக்கிவைத்துவிட்டு நாலு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தங்கம்மாள். நடவு ஆட்களுக்கெல்லாம் தலைவி. சங்கத்தில் அரைப்படி கேட்டு முதலில் கையைத் தூக்கியவளும் அவள்தான்.

"ஐயா, இன்னும் ரெண்டே கோல்" என்றாள் தங்கம்மாள். குரலில் அத்தனை அனுதாபம். "விடுங்க, நாங்க போறோம். நாங்க இருந்தா உங்களுக்குக் கூச்சமா இருக்கும்."

"எனக்கென்ன கூச்சம்? உக்காரு!"

இறங்கினேன். உள்ளங்கையில் கொப்புளம் உடைந்து எரிந்தது. குனிந்தால் நிமிர முடியவில்லை, நிமிர்ந்தால் குனிய முடியவில்லை. கடைசி வேர் வரவேயில்லை. கரையில் குழந்தை என்னைப் பார்த்துக் கைகொட்டிச் சிரித்தது. எனக்குள் என்னவோ அறுந்தது.

"மனுஷன் செய்யிற வேலையாடி இது?" என்று கத்தினேன். "நாள் முழுக்கக் குனிஞ்சு சேத்துல நிக்கிறவங்களுக்கு அரைப்படி என்ன, ஒரு படி கூடக் குடுத்தாலும் தகும்!"

தங்கம்மாள் புல்லுக்கட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். "வரோம் ஐயா" என்று சொல்லிவிட்டு, மற்ற மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு நிதானமாகப் போனாள். மங்களம் சொம்பை நீட்டினாள். "தண்ணி குடிங்க. தொண்டை காஞ்சிருக்கும்."

இருட்டுவதற்குள் அந்த இரண்டு கோலையும் முடித்தேன்.

மறுநாள் நான் எழுந்திருக்கவேயில்லை. அதற்கு மறுநாள் மங்களம் வந்து எழுப்பினாள். "தண்ணி வந்துடுச்சுங்க!"

சுவரைப் பிடித்து, வேலியைப் பிடித்து, வயலுக்குப் போய்ச் சேர்ந்தேன். நான் வெட்டிய முப்பது கோலிலும் நுரையும் சருகுமாகப் புதுத்தண்ணீர் ஓடியது. பார்க்கப் பார்க்க நெஞ்சு விம்மியது. நிமிர்ந்து வயலைப் பார்த்தேன். விம்மியது நின்றுவிட்டது.

ஏர் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். நாற்றங்காலில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் நாற்றுப் பறித்துச் சிறுசிறு முடிகளாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். தங்கம்மாள் நிமிர்ந்து பார்த்து, "வாங்க ஐயா, உடம்பு தேவலையா?" என்று விசாரித்தாள்.

மங்களத்தைத் தனியே வரப்பு ஓரம் இழுத்துக்கொண்டு போனேன்.

"யாரைக் கேட்டு ஆள் விட்ட?"

"உங்களைக் கேட்டுத்தான். நாலு பேர் காது குளிரச் சொன்னீங்களே, ஒரு படி கூடக் குடுத்தாலும் தகும்னு? அன்னைக்குச் சாயங்காலமே தங்கம்மாள் சங்கத்துல சொல்லிட்டா. வைத்தியலிங்கம் ஐயா மனசு மாறிட்டாருன்னு ஒரே பேச்சு."

"அடிப்பாவி! முதுகு வலியில சொன்னதுடி அது! ஊரெல்லாம் அரைப்படி குடுக்கறப்ப நான் மட்டும் ஒரு படி குடுக்கறதா? சிரிக்க மாட்டானுங்க?"

"அதுக்குத்தான் நான் போயிப் பேசினேன்." மங்களம் குழந்தையின் வாயைத் துடைத்தாள். "சொன்ன வாக்கு சொன்ன வாக்குதான், குறைக்க முடியாதுன்னு தங்கம்மாள் ஒத்தைக் கால்ல நின்னா. பாவம், அவருக்கு உடம்பு சரியில்லை, காம்பு வேற உடைஞ்சுபோச்சுன்னு கெஞ்சிக் கூத்தாடி, முக்கால் படியில முடிச்சேன். உங்க வாயால போன ஒரு படியில கால் படி மிச்சம் பண்ணிக் குடுத்திருக்கேன். அதுக்கு ஒரு நல்ல வார்த்தை உண்டா உங்க வாயில?"

யோசித்துப் பார்த்தேன். ஒரு படியில் முக்கால் படி போனால் கால் படி மிச்சம்தான். தப்பே இல்லை.

"ரொம்ப நல்லது மங்களம்" என்றேன்.