நாற்பத்திரண்டாவது இடம்

ஃபிரிட்ஜ் வாசலில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக மாட்டிக்கொண்டு நின்றது.

"அண்ணே, கதவைக் கழட்டினாத்தான் போகும்" என்றார் வண்டிக்காரர்.

சாவிக்காரர் கீல்களைக் கழற்றினார். ஊரார் கதவுகளையெல்லாம் திறந்துவிட்டவர், தன் வீட்டுக் கதவையே பெயர்த்துத் தெருவில் சாய்த்தது அன்றுதான்.

"யாரு கேட்டா இதையெல்லாம்?" என்றாள் மனைவி.

அவர் சுவரைப் பார்த்தார். போன வருடச் செய்தித்தாள் துண்டு ஒன்று அங்கே ஒட்டியிருந்தது. வீட்டுக்கு வீடு என்னென்ன வசதி இருக்கிறது என்று கணக்கெடுத்து, நகரத்தின் நாற்பத்திரண்டு பகுதிகளையும் வரிசைப்படுத்திய பட்டியல். மேட்டுப்பக்கத்துக்கு முதலிடம். தனிப் பகுதியாக எண்ணப்பட்ட இவர்கள் தெருவுக்குக் கடைசி இடம்.

அதன்பிறகு மேட்டுப்பக்கத்தில் யாரும் பூட்டுத் திறக்க அவரைக் கூப்பிடுவதில்லை. தப்பித்தவறிக் கூப்பிட்டாலும், "எந்தத் தெரு?" என்று கேட்பார்கள். சொன்னதும் போனில் ஒரு மௌனம். அப்புறம் வைத்துவிடுவார்கள். இருபது வருடத் தொழிலை அந்த மௌனம் தின்றுகொண்டிருந்தது.

இன்று மறுபடியும் கணக்கெடுக்க வருகிறார்கள்.

"இன்னொரு தடவை கடைசியில நிக்க மாட்டேன். அவ்வளவுதான்."

"நம்ம வீட்டுல மட்டும் வெச்சா தெருவே முன்னுக்கு வந்துருமா?"

"எல்லா வீட்டுக்கும் சொல்லியாச்சு. காலையிலேர்ந்து சாமான் இறங்கிட்டுத்தான் இருக்கு. இந்த வண்டிக்காரரு சும்மாதான் குடுக்கறாரு. ரெண்டு நாள் பத்திரமா வெச்சிருந்தா போதுமாம்."

"சும்மா எதுக்குக் குடுக்கறாரு?"

"மனுஷனுக்கு மனுஷன் ஒரு மரியாதை இருக்காதா?"

வண்டிக்காரர் கூரையைப் பார்த்தார். பிறகு பெரிய டிவி ஒன்றையும், வாஷிங் மெஷினையும், மெத்தை வைத்த நாற்காலிகள் நான்கையும் இறக்கிவிட்டு அடுத்த நடைக்குக் கிளம்பினார்.

வீட்டில் ஒரு அறை, ஒரு சமையலறை. நாற்காலிகளுக்கு இடம் பண்ண சாவிக்காரர் ஃபிரிட்ஜைத் தள்ளினார். அது சமையலறை வாசலைக் கச்சிதமாக அடைத்துக்கொண்டது.

"மாப்பிள்ளை, நான் உள்ளே இருக்கேன்." மாமியாரின் குரல்.

"கொஞ்ச நேரம் அங்கேயே இருங்க அத்தை."

"வேற எங்க போறதாம்?"

ஓடாத ஃபிரிட்ஜைக் கணக்கில் சேர்ப்பார்களா? சந்தேகம் வந்து பிளக்கைச் சொருகினார். எல்லா வீட்டிலும் அதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். டப்பென்று ஒரு சத்தம். தெரு முழுக்க மின்சாரம் போனது.

அந்த நேரத்தில் கணக்கெடுக்கும் பெண் வந்து, தட்டுவதற்குக் கையைத் தூக்கி, அப்படியே நின்றாள்.

"கதவு எங்க?"

"தேக்குல புதுசாச் செய்யச் சொல்லியிருக்கோம்."

அவள் எழுதிக்கொண்டாள். "வீட்டுல எத்தனை பேர்?"

"ரெண்டு பேர்." ஆள் குறைந்தால்தானே வசதியான வீடு.

ஃபிரிட்ஜுக்குப் பின்னால் ஒரு பாத்திரம் உருண்டது.

"அது யாரு?"

"சமையல்காரம்மா" என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டார்.

ஃபிரிட்ஜ் பின்னாலிருந்து ஒரு குத்து வாங்கி ஆடியது.

"மாப்பிள்ளை! அப்படியே எட்டு வருஷமா சமைச்சுப் போட்ட சம்பளப் பாக்கியையும் அந்தப் பொண்ணுகிட்ட எழுதச் சொல்லிருங்க!"

மனைவி தலையில் கை வைத்துக்கொண்டு மெத்தை நாற்காலியில் சரிந்தாள்.

"ஃபிரிட்ஜைத் திறந்து காட்டுங்க. பயன்பாட்டுல இருக்கான்னு பாக்கணும்."

அது பூட்டியிருந்தது. தன் வீட்டு ஃபிரிட்ஜுக்குச் சாவி இல்லை என்று ஒரு சாவிக்காரர் எப்படிச் சொல்வது? ஒரு கம்பியை நுழைத்துத் திருகினார். திறந்துகொண்டது.

உள்ளே காய்கறி இல்லை, பால் இல்லை. தட்டுத் தட்டாக வெள்ளிப் பாத்திரங்கள் துணியில் சுற்றி அடுக்கியிருந்தன.

"ஃபிரிட்ஜுல வெள்ளியா?"

சாவிக்காரருக்கும் அதே கேள்விதான். "வெளியில வெச்சா... கறுத்துப் போயிருதும்மா."

"வெள்ளியா!" உள்ளேயிருந்து குரல் வெடித்தது. "என் பொண்ணுக்கு ஒரு கரண்டி வாங்கிக் குடுக்கத் துப்பில்ல!"

கணக்கெடுக்கும் பெண் பேனாவை மூடினாள். "ஐயா, இந்தத் தெருவுல எல்லா வீட்டையும் பாத்துட்டுத்தான் வர்றேன். ஒரு வீட்டுல மூணு டிவி, உக்கார இடமில்ல. உண்மையைச் சொல்லுங்க. இதெல்லாம் உங்களோடதுதானா?"

மனைவி அவரையே பார்த்தாள். சொல்லிவிடுங்கள் என்று அந்தப் பார்வை கெஞ்சியது.

போன் வைக்கப்படும் அந்தச் சின்னச் சத்தம் அவர் காதில் கேட்டது. பிறகு நிமிர்ந்தார்.

"ஏம்மா, மேட்டுப்பக்கம் போனா, அங்க யார்கிட்டயாவது இந்தக் கேள்வியைக் கேப்பீங்களா?"

அவள் கையிலிருந்த படிவத்தைப் புரட்டினாள்.

"கேக்க மாட்டோம்" என்றாள் மெதுவாக.

"அப்ப எங்ககிட்டயும் கேக்காதீங்க. வீட்டுக்குள்ள இருக்கு. கண்ணால பாத்தீங்க. எழுதுங்க."

அவள் அவரை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். பேனாவைத் திறந்தாள். ஒன்றுவிடாமல் எழுதினாள். வெள்ளியை அடிக்கோடிட்டாள்.

சாவிக்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றபோது, கதவில்லாத வாசலில் வண்டிக்காரர் வியர்வையைத் துடைத்தபடி தலையை நீட்டினார்.

"அண்ணே, இன்னும் மூணு வண்டி சாமான் நிக்குது, எங்க இறக்கறது? போன தடவை முதலிடம் வந்து வரி எகிறிப் போச்சாம். நாளைக்கு அங்க கணக்கெடுக்க வர்றப்ப வீட்டுல ஒரு துரும்புகூட இருக்கக் கூடாதுன்னு மேட்டுப்பக்கத்து முதலாளிங்க சொல்லிட்டாங்க!"