கப்பலோடு இரட்டையாய்ப் பிறந்த நாசகாரி அண்ணை

தன் சாதகத்தை ஒரு போர்க்கப்பலோடு பங்குபோட்டுக்கொண்ட மனிதர் சிட்னி முழுவதிலும் ஒருவர்தான் இருந்தார். அவரோடு ஒரே அறையில் வருடக்கணக்கில் குடியிருந்தும் மூளை கலங்காமல் வெளியே வந்தவனும் ஒருவன்தான். அது நான்.

எழுபதுகளின் தொடக்கம். அப்போது சிட்னித் தமிழர் எல்லாரையும் ஒரு வான் வண்டிக்குள் ஏற்றிவிடலாம். பின்சீட்டில் இடமும் மிஞ்சும். லிட்கம் என்ற புறநகரில் தண்டவாளத்தை ஒட்டிய வாடகை வீட்டில் மூன்று பேர் இருந்தோம். நான் காஸ் கட்டரால் இரும்பு வெட்டுகிறவன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னிடமிருந்து தப்பித்துக்கொண்டது. ஆனால் நான் வெட்டிய விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டு வெள்ளைக்கார ஃபோர்மன்மார் தொப்பியைக் கழற்றியிருக்கிறார்கள். இரண்டாவது ஆள் கோயம்புத்தூர் என்ஜினியர். மூன்றாவது, நாசகாரி அண்ணை.

பெயருக்குப் பயப்படாதீர்கள். டிஸ்ட்ரோயர் என்ற போர்க்கப்பலை நம் பேப்பர்காரர் நாசகாரி என்றுதான் எழுதுவார்கள். அண்ணை ஒரு ஈ, இலையானைக்கூட நாசமாக்கியதில்லை. சவர்க்காரத் தொழிற்சாலையில் பொயிலர் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் சிட்னிக்கு வடக்கே ஓடும் ஆற்றில் நண்டு பிடிக்கப் போவார். அங்கே சேற்றில் செருகிக் கிடந்த பழைய டிஸ்ட்ரோயர் ஒன்றைக் கண்டார். அது ஸ்கொட்லாந்தில் முதன்முதல் தண்ணீருக்குள் இறக்கப்பட்ட நாளை ஆற்றங்கரை மீன்காரர் ஒருவர் சொல்லியிருக்கிறார். அண்ணை பிறந்த அதே நாள், அதே வருடம்.

அவ்வளவுதான். பஞ்சாங்கத்தை விரித்துக் கப்பலுக்குச் சாதகம் கணித்துவிட்டார்.

"அது இறங்கின நேரம் உங்களுக்கு ஆர் சொன்னது?" என்று கேட்டேன்.

"ஆர் சொல்ல வேணும்? என்ரை நேரம்தான் அதுக்கும். இரட்டைப்பிள்ளையளடா நாங்கள்!"

கப்பலின் சேவை வரலாறு முழுவதையும் திசை புத்தி பிரித்து ஒப்புவிப்பார். முதலாம் உலகப்போரில் அது நீர்மூழ்கிகளைத் தேடி மத்தியதரைக் கடலில் அலைந்ததா? "செவ்வாய் திசை. நானும் அப்ப வாத்தியாற்ரை ஆட்டைக் கலைச்சுக்கொண்டு திரிஞ்சனான்." சண்டை முடிந்து பீரங்கிகளைக் கழற்றினார்களா? அண்ணைக்கும் அப்போது பால்பற்கள் விழுந்தன. பிறகு கப்பலைக் கரையில் கட்டி, ரோட்டுப்போடும் கைதிகளை அதற்குள் படுக்க வைத்தார்கள். "அந்தக் காலம்தான் நான் மாமியார் வீட்டிலை இருந்தனான்." ஏழரைச் சனியில் அது கருங்கல் சுமந்தது; அண்ணை கொழும்புத் துறைமுகத்தில் மூட்டை சுமந்தார். கடைசியில் புயலில் கயிறு அறுந்து அது சேற்றில் ஏறிவிட்டது. அண்ணை வேலை செய்த சரக்குக் கப்பலோ அவரைச் சிட்னியில் விட்டுவிட்டுப் புறப்பட்டுவிட்டது.

"அண்ணே, நீங்க ரெண்டு பேரும் கரை தட்டினதுக்கு நடுவுல இருபது வருஷம் இடிக்குதே," என்றார் என்ஜினியர்.

"சனி மந்தன், ஆறுதலாத்தான் நடக்கும் தம்பி. இவ்வளவு படிச்சனீர், உது தெரியாதோ?"

இப்படி இருக்கையில், அந்தக் கப்பலை வெட்டும் வேலை என் முதலாளிக்குக் கிடைத்தது. வெட்டுவதற்கு என்னை விட்டால் வேறு யார்? வீட்டுக்கு வந்து மெதுவாகச் சொன்னேன்.

"அது போனா நானும் போனன்," என்றார் அண்ணை.

"முழுக்க இல்லை அண்ணை. முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் மட்டும் வெட்டி, நினைவுச் சின்னமாக் கரையிலை வைக்கப் போகினம்."

"அப்ப வயிறு?"

"வயிறு சேத்துக்குள்ளை கிடக்கட்டுமாம்."

அண்ணை இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டு கதிரையில் சாய்ந்துவிட்டார்.

"மயக்க மருந்து உண்டான்னு கேளுங்கண்ணே," என்றார் என்ஜினியர்.

அண்ணை சிரிக்கவில்லை. அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. பொயிலருக்கும் போகவில்லை. டொக்டர் வந்து உடம்புக்கு ஒரு வருத்தமும் இல்லை என்றார், ஆனாலும் ஆள் பாதியாகிக்கொண்டே வந்தார். தன் சப்பாத்துச் சோடியை என்ஜினியருக்கும் வானொலியை எனக்கும் கொடுத்தபோது எங்களுக்குப் பகிடியும் சிரிப்பும் வற்றிவிட்டன.

"அண்ணை, நான் இந்த வேலைக்குப் போகேல்லை. விடுங்கோ," என்றேன்.

"நீ விட்டா வேற ஆள் வெட்டுவான். கண்டவன்ரை கையாலை என்னாலை சாகேலாது. நீயே வெட்டு. நானும் வாறன்."

வந்தார். நெற்றி நிறையத் திருநீறு, கோட்டு, கழுத்துப்பட்டி. தண்ணீர் வற்றிய நேரம் பார்த்து நாங்கள் கப்பலில் ஏற, அவர் எதிரே கரையில் நின்றார்.

"யார் அந்த மனிதர்?" என்று ஃபோர்மன் கேட்டார்.

"கப்பலின் நெருங்கிய உறவினர்," என்றேன். அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

ஒரு சிகரெட் முடிவதற்குள் இரும்புத் தகட்டை இரண்டாக்குகிறவன் நான். அன்று ஒரு சாண் வெட்டுவதும் நெருப்பை அணைப்பதுமாக இருந்தேன். அணைத்துவிட்டுக் கரையைப் பார்த்துக் கத்துவேன்.

"அண்ணை, நோகுதோ?"

அவர் வயிற்றை அமத்திப் பார்ப்பார். கொஞ்சம் யோசிப்பார்.

"இல்லையடா. நீ வெட்டு!"

ஃபோர்மனுக்கு என்னைத் திட்டித் திட்டியே தொண்டை கட்டிப்போயிற்று. பொழுது சாயும் நேரத்தில் முன்பக்கம் சேற்றுத் தண்ணீர் ஒழுக ஒழுகக் கிரேனில் மேலே எழும்பியது. அண்ணை தன் தலையைத் தடவினார், காலை உதறினார், வயிற்றைத் தட்டிப் பார்த்தார். கரையிலிருந்து குரல் வந்தது.

"டேய், பசிக்குதடா!"

சாதகத்தில் எனக்கு அன்றும் நம்பிக்கை இல்லை, இன்றும் இல்லை. ஆனால் என் ஆயுளில் இரும்புக்கு வலிக்கக்கூடாது என்று பார்த்துப் பார்த்து வெட்டியது அந்த ஒரு நாள்தான்.