மீசைக்காரர் இல்லை, கதவு திறந்தவர்

'தெரியாது' என்ற சொல் வாயில் வராத வயது ஒன்று எல்லோருக்கும் இருக்கும். எனக்கு அது இருபத்தெட்டு வரை நீடித்தது. அதை முடித்துவைத்தவர் பசறையில் தையல் கடை வைத்திருக்கும் ராமையா. இன்று அவர் என் மாமனார். அன்று அவர் மாமனாராவாரா என்பதே சந்தேகம்.

நான் பதுளையில் ஆசிரியர். சனிக்கிழமைகளில் நண்பர்களோடு ஒரு சிறிய மண்டபத்தில் பழைய படங்கள் போடுவோம். ஒரு வாரம், ஹொலிவூட்டின் ஆரம்ப காலத்தில் நூற்றுக்கணக்கான படங்களில் சின்னச் சின்ன வேடம் போட்ட ஒரு நடிகரைப் பற்றி நான் பேசுவதாக ஏற்பாடு. (பெயர் வேண்டாம். அவருக்கு நான் செய்த அநியாயம் போதும்.) அதற்கு முதல் நாள், என்னோடு படிப்பிக்கும், நான் கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட சுமதி சொன்னாள்:

"அப்பா நாளைக்கு வர்றாரு. ஒங்களப் பாத்துட்டுத்தான் கல்யாணத்துக்கு சரி சொல்றதா வேணாமான்னு முடிவு பண்ணுவாராம். ஒழுங்கா பேசுங்க."

இணையத்தில் கிடைத்த ஒரு குழுப் புகைப்படத்தில் 'இடமிருந்து இரண்டாவது' என்று நடிகரைக் குறித்திருந்தார்கள். எண்ணினேன். பெரிய மீசையோடு கம்பீரமான ஒருவர். இத்தனை படம் நடித்தவர் இப்படித்தானே இருப்பார் என்று அதோடு விட்டுவிட்டேன்.

மறுநாள் ராமையா கழுத்தில் அளவு நாடாவோடு முன்வரிசையில் இருந்தார். (கடையிலிருந்து நேரே வந்தவர், கழற்ற மறந்துவிட்டார்.) அவர் நடித்த மூன்று படங்களிலிருந்து மூன்று துண்டுகளை, முன்கூட்டிப் பார்க்காமலே, கொண்டுவந்திருந்தேன். முதல் துண்டில் மீசைக்காரர் வந்தார். "இதோ நம்ம ஆள்!" என்று முழங்கினேன்.

இரண்டாவதில் அவரைக் காணவில்லை. ஒரு குள்ள மனிதரைக் காட்டி, "மீசையை எடுத்துவிட்டார்" என்றேன்.

"உயரம்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"முழங்காலை மடக்கி நடிக்கிறார்!"

மூன்றாவதில் ஒரு வயதான பெண்மணியைக் காட்டி, "வேடத்தைப் பாருங்கள்!" என்றேன். சுமதி முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

ராமையா எழுந்தார். "சேர், கோவிச்சுக்காதீங்க. மூணுலயும் ஒரே ஆள் வர்றாருதான். ஆனா நீங்க காட்டுற ஆளு இல்லீங்க. மொதல்ல அந்த மீசக்காரருக்கு கதவ தொறந்து விட்டாரே, அவருதான் ரெண்டாவதுல பொலிஸ், மூணாவதுல நீதவான். உடுப்புதான் வேற. எடது தோள் ரெண்டு வெரல் எறங்கியிருக்கு பாருங்க."

அப்போதாவது நான் ஒத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். "ஐயா, தோளை வைத்துக் கலையை அளக்க முடியாது" என்றேன். (தையல்காரரிடம்!)

"திருப்பிப் போட்டுப் பாருங்க" என்றார் அமைதியாக.

போட்டேன். கதவு திறந்தது, தோள் இறங்கியிருந்தது. பொலிஸ்காரருக்கும் இறங்கியிருந்தது. நீதவானுக்கும் அப்படியே. என் கல்யாணம் கண்ணெதிரே கைநழுவிப் போனது.

"நான்தான் பிழையா சொல்லிட்டேங்க. எனக்குத் தெரியல" என்றேன். வாழ்க்கையில் முதல் தடவை.

மண்டபம் சிரித்தது. பிறகு "இன்னொருக்கா போடுங்க!" என்றார்கள். அந்தத் தோள் திரையில் வந்த போதெல்லாம் கைதட்டல். யாரும் கவனிக்காத அந்த மனிதருக்கு எங்கள் ஊரில் அப்படியொரு வரவேற்பு.

முடிந்ததும் ராமையா அந்தக் குழுப் புகைப்படத்தைக் கேட்டு வாங்கினார். "எப்புடி எண்ணுனீங்க?"

காட்டினேன். படத்தில் நிற்பவர்களின் இடக்கைப் பக்கத்திலிருந்து எண்ணியிருந்தேன்; பார்ப்பவரின் இடப்பக்கத்திலிருந்து எண்ணினால் இரண்டாவதாக நின்றவர் கதவு திறந்தவர்தான். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"அடடே, நாங்களும் இப்படித்தானே! சட்டைக்கு எடக்கைன்னா போடுறவரோட எடக்கை. சுமதி, இவரு தையல்காரன் வீட்டுக்குன்னே பொறந்த ஆளு. அதோட பிழைன்னா பிழைன்னு ஒத்துக்கிறாரு. எனக்கு சரிம்மா."

அந்த இறங்கிய தோளுக்கும், அதைக் கண்ட கண்ணுக்கும் நான் இன்றுவரை நன்றியோடுதான் இருக்கிறேன்.

எங்கள் குடும்பப் படம் இப்போது அவர் கடையில் தொங்குகிறது. அளவு கொடுக்க வருகிறவர்களிடம், "எடமிருந்து ரெண்டாவது எங்க மாப்புள" என்பார். அவர்கள் எண்ணி, சுமதியின் சித்தியைத் தொட்டுவிட்டு விழிப்பார்கள்.

"ஆமாங்க, அவருதான்" என்பார் மாமனார். "வேடத்தப் பாருங்க!"