எல்லாம் நெட் செய்த குற்றம்

உலகில் எந்த ஊழியரும் செய்யத் துணியாத தியாகத்தை அகோமேவா நகர வயதுச் சான்று அலுவலகத்தின் இணைய இணைப்பு செய்துவந்தது. சம்பளம் கேட்காமல், விடுப்பு எடுக்காமல், அலுவலகத்தின் பழியெல்லாவற்றையும் அது ஒன்றே சுமந்தது. கணினி உறைந்தால் நெட். சான்று வராவிட்டால் நெட். காசாளர் கல்யாண விருந்துக்குத் தலைநகர் அக்ராவுக்குப் போய்விட்டால் அதற்கும் நெட்டே காரணம்.

"நெட் ஸ்லோ" என்று மக்களுக்கு அறிவிக்கும் பொறுப்பு செலோமுடையது. அவன் இன்னும் நிரந்தரமாகாத எழுத்தர். இயக்குநர் அமெடோமே கையெழுத்துப் போட்டால்தான் வேலை நிலைக்கும். ஆகவே அந்த இரண்டு சொற்களையும் மிகுந்த பக்தியோடு சொல்லிவந்தான்.

உண்மை அவனுக்குத் தெரியும். அங்கே எல்லோருக்கும் தெரியும். போன வருடம் இயக்குநரின் மாமியார் ஃபெலிசியா அம்மையார் காலமானார். அடக்கம் ஊர் மெச்ச நடந்தது. எல்லோருக்கும் கறுப்பும் சிவப்புமாய் ஒரே மாதிரி துணி, பித்தளை வாத்தியம், சவப்பெட்டியைத் தோளில் வைத்து ஆடுபவர்கள், மேலே பறந்து படமெடுத்த கேமரா. அந்தப் படத்தை ஓர் இடம்கூட வெட்டாமல் அலுவலகக் கணினிகள் அனைத்திலும் ஏற்றி, கணினியைத் திறந்ததும் தானாகவே தொடங்கி நாள் முழுக்க ஓடும்படி செய்திருந்தார் இயக்குநர். அதற்கு 'நிரந்தர அஞ்சலி' என்று பெயர். அதன்பிறகு கணினிக்கு வேறு வேலை செய்யத் தெம்பில்லை. நிறுத்திவிடலாம்தான். ஆனால் இயக்குநரின் மனைவி தினமும் மாலையில் வந்து ஒவ்வொரு திரையாக எட்டிப்பார்ப்பார். அந்தம்மாள் முகத்தில் யார் முழிப்பது?

ஆகவே 'குற்றவாளி'யான பழைய நெட்டுக்குப் பதிலாக அதிவேக நெட் வாங்குவதென்று முடிவாகி, வெள்ளிக்கிழமை திறப்பு விழா வைத்தார்கள். பாதிரியார் வேகத்துக்காக நிதானமாக ஜெபித்தார். ஊர்ப் பெரியவர் மூதாதையருக்கென்று ஜின் மதுவைத் தரையில் வார்த்தார். அவர் வயர்கள் கிடந்த பக்கமாகவே வார்த்ததால், அக்ராவிலிருந்து வந்த எஞ்சினியர் க்வார்ட்டே பாய்ந்துபோய் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டார்.

விழாவில் முதல் சான்றைப் பெறும் பாக்கியம் என்யோனத்துக்கு. கடைத்தெருவில் அபோலோ என்னும் மக்காச்சோள ரொட்டியும் வறுத்த நெத்திலியும் விற்பவள். "நெட் ஸ்லோ" கேட்டுக் கேட்டுக் காது புளித்தவள். அவள் மகள் எடினம் பெண்கள் கால்பந்து அணியின் கோல்கீப்பர். அணி அன்று மதியம் பஸ்ஸில் எல்லை தாண்டி லோமேவுக்குப் போட்டிக்குக் கிளம்புகிறது. வயதுக்குக் காகிதம் இல்லாவிட்டால் எடினம் மட்டும் ஊரிலேயே நிற்க வேண்டியதுதான்.

செலோம் எடினத்தின் பெயரைத் தட்டினான். திரை உறைந்தது. மூலையில் ஃபெலிசியா அம்மையாரின் சவப்பெட்டியும் பாதி ஆட்டத்தில் சாய்ந்தபடி நின்றது.

இயக்குநர் தொண்டையைச் செருமினார். "நெட் ஸ்லோ."

"ஐயா, புது நெட்டை இன்னும் செருகவேயில்ல," என்றார் க்வார்ட்டே, வயரின் நுனியைக் கையில் பிடித்தபடி. "ரிப்பன் வெட்டின பிறகு செருகுன்னு நீங்கதானே சொன்னீங்க."

"அப்ப பழைய நெட்."

"பதிவெல்லாம் இந்தக் கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ளயே இருக்கு ஐயா. நெட் மெதுவா இருந்தா வெளியிலேருந்து வர்றதுதான் மெதுவா வரும். பெட்டி ஏன் மயங்கி விழணும்? உள்ள வேற ஏதோ ஓடுது."

ஊழியர்கள் அனைவரும் கூரையை ஆராய்ந்தார்கள்.

"என்ன ஓடுதுன்னு ஒரு கமிட்டி போட்டுப் பார்ப்போம்," என்றார் இயக்குநர்.

"கமிட்டி எப்ப உக்காரும்?" என்றாள் என்யோனம்.

"நெட் சரியானதும்."

என்யோனம் விற்கக் கொண்டுவந்த ரொட்டித் தட்டை மேசைமேல் வைத்துவிட்டு கவுண்டரைச் சுற்றி உள்ளே வந்தாள். திரைக்கு முன்னால் மரியாதையாக முழங்காலை மடக்கினாள்.

"பெரியம்மா, உங்க சாவுக்கு நானும் வந்தேன். அபோலோ எல்லாம் என் கையால போட்டதுதான். நல்லா ஆடிப்பாடித்தானே அனுப்பிவச்சோம். இன்னும் ஏன் இங்க நின்னுக்கிட்டிருக்கீங்க? கொஞ்சம் நகருங்க தாயி, புள்ளைக்கு பஸ் போயிரும்."

"அவங்களா நகர மாட்டாங்க அக்கா," என்றான் செலோம். பேசியது தான்தானா என்று அவனுக்கே சந்தேகமாக இருந்தது.

"செலோம், உன் எதிர்காலத்தை நெனச்சுக்க," என்றார் இயக்குநர் கனிவோடு.

செலோம் நினைத்தான். பயமாகத்தான் இருந்தது. தெருவில் பஸ் ஹாரன் அடித்தது. அவன் படத்தை மூடினான்.

பெட்டி தூக்கம் கலைந்ததுபோல் கண் விழித்தது. பிரிண்டர் காகிதத்தைத் தள்ளியது. என்யோனம் அதைப் பறித்துக்கொண்டு, தட்டை மறந்து, பஸ்ஸை நோக்கி ஓடினாள். எடினம் ஏறிவிட்டாள் என்பது பஸ்ஸுக்குள் எழுந்த கூச்சலிலேயே தெரிந்தது.

இயக்குநர் கம்பீரமாக ரிப்பனை வெட்டினார். "இது அதிவேக நெட்டின் முதல் வெற்றி," என்றார். கைதட்டல் அடங்கும்வரை க்வார்ட்டே வயரின் நுனியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். அதற்குள் யாரோ எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஃபேனைச் செருகிவிட்டதால், புது நெட்டுக்கு இடமில்லாமல் போயிற்று. திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள்.

மாலையில் இயக்குநரின் மனைவி வந்தார். செலோமின் வெறும் திரையைப் பார்த்தார். நேரே கணவரின் அறைக்குள் போனார்.

அவர் வெளியே வருவதற்குள் ஆணை பிறந்துவிட்டது. அது அக்ராவிலுள்ள தலைமையகத்துக்குப் போய், ஒப்புதல் பெற்று, திரும்பி வந்து செலோமின் திரையில் விழுந்தது. வோல்ட்டா ஏரியின் நடுவே, படகில் மட்டுமே போகக்கூடிய ஒரு தீவுக்கு மாற்றல். மின்சாரம் கிடையாது என்பதால் அங்கே அவனுக்குக் கணினித் தொல்லை இராது என்று அன்போடு குறிப்பிட்டிருந்தார்கள்.

அத்தனையும் வந்தது அந்தப் பழைய, மெதுவான, பழி சுமந்த நெட்டில்தான். எங்கும் உறையவில்லை.