துரைக்கு அம்மை வந்த வாரம்

குற்றாலத்துப் பக்கம் பிறந்தவர்களுக்கு ஒரு திமிர் உண்டு. உலகத்தில் எந்த நோயானாலும் அருவித் தண்ணீரில் தீர்ந்துவிடும் என்று நம்புவோம். நான் இலஞ்சிக்காரி. எனக்கு அது கொஞ்சம் அதிகம். (மண்டைக்கனம் மட்டும் எந்த அருவியிலும் தீரவில்லை.)

கல்யாணமாகித் தென்காசிக்கு வந்த புதிது. கணவருக்குப் புளியங்குடி எலுமிச்சை மண்டியில் வேலை. கூடத்தில் ஒரு மீன் தொட்டி வைத்திருந்தார். அதில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தங்கமீன், பெயர் துரை. தன் தம்பியைக்கூட அப்புறம்தான் காட்டினார். முதலில் துரையைத்தான் எனக்கு அறிமுகம் செய்தார். மண்டியிலிருந்து வந்ததும் எலுமிச்சை வாடை போகக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் அதற்குத் தீனி போடுவார். இந்த மனுஷனை அசத்த துரை வழியாகத்தான் போகவேண்டும் என்று நானும் கணக்குப் போட்டேன்.

அவர் லோடு விஷயமாக வெளியூர் போயிருந்தபோது அம்மா வீட்டுக்குப் போனேன். நல்ல சாரல். வாய்க்காலில் துண்டை விரித்து நாலைந்து குட்டி மீன்களைப் பிடித்தேன். அருவித் தண்ணீரில் வளர்ந்த, மூலிகை குடித்த உடம்பு! துரைக்குத் துணையாகட்டும் என்று தண்ணீரோடு அப்படியே தொட்டியில் கொட்டினேன்.

சில நாளில் துரையின் மேலெல்லாம் உப்புத்தூள் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள். கல்லில் போய் உடம்பை உரசியது. பதறிப்போய் மாமியாரைக் கூப்பிட்டேன். அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

“ஏட்டி, இது அம்மைலா! முத்து போட்டிருக்கு பாரு. அரிப்பு தாங்காமத்தான் ஒரசுது.”

“மீனுக்கு அம்மை வருமா அத்தை?”

“ஏன், அதுக்குத் தோல் இல்லையா?”

எனக்கு அது நியாயமாகவே பட்டது. தொட்டி மேல் வேப்பங்கொத்து. வாசலில் வேப்பங்கொத்து. தண்ணீரில் ஒரு கரண்டி மஞ்சள்தூள். வீட்டில் தாளிப்பு கிடையாது, அப்பளம்கூடப் பொரிக்கவில்லை. பக்கத்து வீட்டார் எட்டியே பார்க்கவில்லை.

ஊரிலிருந்து திரும்பிய கணவர் வாசலைப் பார்த்து வெலவெலத்துப் போனார்.

“யாருக்கும்மா அம்மை?”

நாங்கள் இருவரும் தொட்டியைக் காட்டினோம்.

அவர் சிரிக்கவில்லை. ஓடிப்போய் மஞ்சள் குழம்புக்குள் துரையைத் தேடினார். அது அடியில் கிடந்து மேலும் கீழும் செவுளை அடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் என் இலஞ்சி மீன்களும் அவர் கண்ணில் பட்டுவிட்டன. துரை செத்துவிட்டால் இந்த வீட்டில் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று அப்போதுதான் உறைத்தது.

“அம்மை இல்லட்டி. கண்ணுக்குத் தெரியாத பூச்சி. தோலுக்குள்ள உக்காந்து தின்னுது. புது மீன ரெண்டு மூணு வாரம் தனித் தொட்டில போட்டுப் பாத்துட்டுத்தான் உள்ள விடணும்.”

அவ்வளவுதான் சொன்னார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாக அழுதிருப்பேன்.

குழாய் போட்டுக் கூழாங்கல் அழுக்கை உறிஞ்சி எடுத்தார். பாதித் தண்ணீரை மாற்றினார். கல்லுப்பைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். ஹீட்டரை ஒரேயடியாகக் கூட்டாமல் மெல்ல மெல்லக் கூட்டினார். சூடான தண்ணீரில் காற்று குறையும் என்று காற்றுக்குழாயும் ஒன்று கூடுதலாகப் போட்டார். புள்ளிகள் உதிர்ந்ததும் நான் கைதட்டினேன்.

“இப்பதான் கவனமா இருக்கணும். உதிந்தது கல்லுல ஒட்டி, ஒண்ணு நூறாப் பெருகி, மறுபடி மீனத் தேடி வரும். அப்படி நீந்தி வருதப்பதான் உப்புக்குச் சாவும்.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“முந்தி ஒரு தொட்டி முழுக்க செத்துச்சு. புள்ளி உதிந்ததும் வைத்தியத்தப் பாதியில நிறுத்திட்டேன்.”

சொல்லிவிட்டுத் துரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்ன மனுஷன் இவர் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. பெண் பார்க்க வந்த அன்று பிடித்ததைவிட அன்றைக்குத்தான் அவரை அதிகம் பிடித்தது. துரை பிழைத்தது. தனி வாளிக்குப் போன இலஞ்சி மீன்களும் பிழைத்தன.

போன வருஷம் என் கொழுந்தனுக்குக் கல்யாணம். பெண்ணும் மாப்பிள்ளையும் வாசலில் நிற்க, நான் ஆரத்தித் தட்டோடு நிற்கிறேன். சொந்தபந்தம் அத்தனை பேரும் கூடியிருக்க, உள்ளேயிருந்து அத்தையின் குரல்:

“ஏலே, புதுசா வந்திருக்கா, நேரா உள்ள விட்டுராதீங்க! போன தடவ அப்படி விட்டுத்தான் நாம பட்டோம்!”

வீடே சிரித்தது. புதுப்பெண் மட்டும் மிரண்டுபோய் என் காதில் கேட்டாள்:

“போன தடவ வந்தது யாரு, அக்கா?”