தண்ணீரில் தெரிந்த பாலம்

ஓடைக்கரைகளில் மட்டும் காணப்படும் ஒரு மனித இனம் உண்டு. கழுத்தில் கேமரா, முழங்கால் வரை சுருட்டிய கால்சட்டை, பூசாரிக்கே வராத பக்தி. இவர் மரத்தைப் படம் எடுக்கமாட்டார். தண்ணீரில் தெரியும் மரத்தைத்தான் எடுப்பார். எருமையை எடுக்கமாட்டார், எருமை வாய் வைத்ததும் கிளம்பும் வளையங்களை எடுப்பார். அது குடித்து முடித்துவிட்டால் அதன் மேல் கோபம் வேறு வரும்.

எங்கள் மலைநாட்டு ஊரில் இந்த இனத்தின் பிரதிநிதி ஸ்ரீதர ஹெப்பார். வீட்டுக்கு வந்தவருக்குக் காபிக்கு முன்னால் படம் வரும். "என்ன தெரியுது, சொல்லுங்க?" என்பார். தண்ணீர் தெரிகிறது என்று சொல்லிவிட்டால் காபி வராது.

பாக்குத் தோட்டத்துக்குக் கீழே ஓடும் ஓடைக்குக் காலையிலேயே இறங்கிவிடுவார். அதன்பின் யாரும் துணி அலசக்கூடாது, கால் நனைக்கக்கூடாது. "கொஞ்சம் பொறுங்க மாராயரே, தண்ணி இப்பத்தான் அடங்குது" என்று அழுக்கு மூட்டையோடு நிற்பவர்களை அரைமணி நேரம் நிறுத்தி வைப்பார். அடங்கியதும் அவரே ஒரு கல்லைத் தூக்கி உள்ளே போடுவார். கேட்டால், அது வேறு அலையாம்!

அந்த ஓடையைக் கடக்க எங்களுக்கு இருந்தது ஒரு கால்சங்கா, மூன்று பாக்குமரத் தண்டுகளைச் சேர்த்துக் கட்டிய நடைபாலம். நடுத்தண்டு உளுத்துவிட்டது. அக்கரை நாகவேணி தினமும் இரண்டு வேளை பால் கேனோடு அதன்மேல் நடந்துதான் சொசைட்டிக்கு வரவேண்டும். சிமெண்ட் பாலம் கேட்டு மனு எழுதினோம். படம் வேண்டும் என்றார் பஞ்சாயத்து அதிகாரி. ஊரில் நல்ல கேமரா யாரிடம் இருக்கிறது?

"உளுத்த கட்டை நல்லாத் தெரியணும் ஹெப்பாரே" என்றாள் நாகவேணி.

"கட்டையை எவன் பார்ப்பான் அக்கா? நிழலைப் பாருங்க!"

நாற்பத்திரண்டு படம் எடுத்தார். எல்லாம் தண்ணீருக்குள் பாலம். இருப்பதில் அழகானதை நாங்களே பொறுக்கி எடுத்து மனுவோடு வைத்தோம். உளுத்த இடம் அலையில் நெளிந்து வில்லாக வளைந்திருந்தது. அதிகாரி சொக்கிப்போனார். "இவ்வளவு அழகான பாலத்தை இடிக்கவா மனு குடுத்தீங்க?" என்று மனுவைத் திருப்பித் தந்துவிட்டு, படத்தை மட்டும் கண்ணாடி போட்டுத் தன் நாற்காலிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டார்.

முதல் பெருமழைக்கு மறுநாள் நடுத்தண்டு முறிந்தது. நாகவேணி கேனோடு தண்ணீரில் விழுந்தாள். கரையில் யார்? ஹெப்பார்தான்.

"அக்கா, ஒரே நிமிஷம், அசையாதீங்க! பால் கலக்கறது என்னமா வருது பாருங்க!"

"கையைக் குடுங்க ஹெப்பாரே! என் பொணம் மிதந்தா அதுக்கும் நிழல் விழும், அப்ப எடுத்துக்கலாம்!"

கை கொடுத்தார். எடுத்து முடித்த பிறகு.

'வெண்மை' என்று பெயர் வைத்து அன்று மாலையே கைபேசியில் உலவ விட்டார். முந்நூறு பேர் இதயம் போட்டார்கள். 'ஆகா, என்ன நெளிவு!' என்று எழுதியவன் நான். நாகவேணியின் முட்டி வீக்கம் இன்னும் வடியவில்லை. அவள் எதிரே வந்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அந்தப் படம் உங்களுக்கும் வந்திருக்கும். பார்த்து, ரசித்து, விரலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு அடுத்ததற்குப் போயிருப்பீர்கள். இடது மூலையில் தண்ணீருக்கு மேலே ஏதோ நீட்டிக்கொண்டிருந்ததே, வேர் என்றுதானே நினைத்தீர்கள்?

அது நாகவேணியின் கை.